தண்ணீர் நிரப்பாத டிரம்

பாரித்தோ ஆற்றங்கரை ஊரான மூவாரா தபூஸ் என்றால் முதலில் ஷர்காவியின் எண்ணெய்க் கடையைத்தான் சொல்வார்கள். கடை கரையில் இல்லை. ஆற்றில் கட்டி மிதக்கவிட்ட மரத் தெப்பத்தின் மேல் இருந்தது. ஆற்றில் மேல்நோக்கிப் போகிற படகுகள் பக்கத்தில் ஒட்டி நின்று டீசலோ பெட்ரோலோ வாங்கிக்கொண்டு போகும். அடுத்த தெப்பத்தில் குடியிருந்தவள் அவன் தங்கை அர்பைனா. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான். ஆனால் அண்ணனைச் சொல்லாமல் அவளைச் சொல்ல வழியில்லை. அந்த ஊரில் எதுவுமே அப்படித்தான், ஷர்காவி பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு முறை வரும்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. பச்சைப் பூப் போட்ட எனாமல் குவளையில் டீசல் நிரப்பி முன்னால் வைத்துக்கொள்வான். தீக்குச்சியைக் கிழிப்பான். எரிகிற குச்சியை அப்படியே டீசலுக்குள் குத்துவான். குச்சி 'சுர்' என்று அணைந்துபோகும். புதிதாக வந்த படகுக்காரன் வாயைப் பிளப்பான். "பாத்தியா, தண்ணி மாதிரி," என்பான் ஷர்காவி. "பெட்ரோல்கிட்டதான் பயப்படணும். டீசல் பச்சப்புள்ள." குவளையைக் கொண்டுவந்து வைப்பது அர்பைனாவின் வேலை. இருபது வருடம் அதைச் செய்தாள். செய்ததில் அவளுக்கும் கொஞ்சம் பெருமைதான், அதை மறைப்பானேன்.

பெட்ரோல் டிரம்களைத் தெப்பத்தின் வால் பக்கம், ஓலைக் கூரையின் கீழ், மூடி இறுக்கி வைத்திருந்தான். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. டீசல் டிரம்களோ சமையலறைத் தகரச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும். மதியத்துக்கு மேல் வெயில் நேராக அங்கேதான் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. கையை வைத்தால் டிரம் சுரீரென்று சுடும். யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. டீசல்தானே.

அர்பைனாவின் கணவன் ஜும்ரி, நெகாரா ஊர்க்காரன். இரும்பு வேலைக்காரர்கள் ஊர். பஞ்சர்மாசின் நகரத்தில் படகுப் பட்டறையில் எட்டு வருடம் வெல்டிங் பார்த்துவிட்டு இவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் ஷர்காவியின் சத்தத்தில் அது கேட்காது.

மேலாற்றில் காலி டிரம்முக்கு நூறு உபயோகம் உண்டு. மூடியை வெட்டினால் மழைத் தண்ணீர்த் தொட்டி. நீளவாக்கில் பிளந்தால் கல்யாணச் சமையலுக்கு அடுப்பு. வெட்டித் தருவது ஜும்ரி. ஆனால் அவன் வெட்டுகிற விதம் ஊருக்கே கேலி. டிரம்மைக் கரைக்கு உருட்டிக்கொண்டு போவான். சவுக்காரத் தூள் போட்டு வெந்நீர் ஊற்றிக் குலுக்குவான். மூன்று தடவை அலசிக் கவிழ்த்து வைப்பான். பிறகு வாய் வரைக்கும் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, அப்புறம்தான் கேஸ் கட்டரைப் பற்றவைத்து மூடியை அறுப்பான். மூடி போய்விட்டால் அது வெறும் தகரம், எப்படி வேண்டுமானாலும் பிளக்கலாம். இதற்கே இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிடும்.

"என் மச்சான் டிரம் வெட்டமாட்டான். மய்யித்தைக் குளிப்பாட்டுற மாதிரிக் குளிப்பாட்டுவான்," என்பான் ஷர்காவி. "அடக்கத்துக்குச் சுத்துற கபன் துணி ஒண்ணுதான் பாக்கி."

எல்லாரும் சிரிப்பார்கள். ஜும்ரியும் லேசாகச் சிரிப்பான். வாளியைக் கீழே வைக்கமாட்டான்.

ஒருநாள் சாயங்காலம் அர்பைனா வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள். "ஏங்க, டீசல்தான் நெருப்புப் பிடிக்காதே. எதுக்கு இந்தப் பாடு?"

ஜும்ரி வாணலியைப் பார்த்துச் சொன்னான். "இந்த எண்ணெய் பச்சையா இருக்கும்போது குச்சியைப் போட்டா பிடிக்குமா?"

"பிடிக்காது."

"நல்லாக் காஞ்சு பொகை வரும்போது?"

"குப்புனு பிடிச்சுக்கும். போன வருஷம் மதனி வீட்ல பிடிச்சுதே."

"அவ்வளவுதான். எண்ணெய் எரியறதில்ல பைனா. அதுலேர்ந்து கெளம்புற ஆவிதான் எரியுது. பெட்ரோல் சும்மா கெடக்கும்போதே ஆவி விட்டுக்கிட்டே இருக்கும். டீசல் சோம்பேறி, சூடேறுனாத்தான் எந்திரிக்கும். அம்பது அறுபது டிகிரி போதும். கட்டரை வச்சா தகரம் அதுக்கு எத்தனை மடங்கு சுடும்னு யோசிச்சுப் பாரு."

"காலி டிரம்முல என்ன இருக்கு?"

"காலிதான் மோசம். நெறஞ்ச டிரம்முல ஆவிக்கு எடம் ஏது? காலியில அடியில ரெண்டு கரண்டி ஒட்டிக்கிட்டிருந்தாப் போதும், உள்ள பூரா ஆவிதான். பட்டறையில என் பக்கத்துல நின்னவன் ஒருத்தன் அப்படித்தான் போனான். அவனும் காலின்னுதான் சொன்னான்."

அர்பைனா பாதியைக் கேட்டாள். மீதியைப் பழம் கருகிவிடுமோ என்ற கவலை தின்றுவிட்டது.

அதற்கு அடுத்த வருடம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஹல்மியா என்ற பெண் அதிகாரி வந்தாள். ஆற்றுக் கடைகளை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவள், ஷர்காவியின் டீசல் டிரம் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"பாக் ஷர்காவி, இதையெல்லாம் அடுப்புப் பக்கத்துலேர்ந்து எடுத்துடுங்க. வால் பக்கம் நிழல்ல வைங்க. காத்து வர்ற மாதிரி இடம் விட்டு வைங்க."

"இபு, இது டீசல். பெட்ரோல் அங்க இருக்கு." ஆணுக்குப் 'பாக்', பெண்ணுக்கு 'இபு', அந்தப் பக்கத்து மரியாதை அப்படி.

"டீசல்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஷர்காவி கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "பைனா, குவளையைக் கொண்டா." குச்சி கிழித்தான், குத்தினான், அணைந்தது. படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "நல்லா இருக்கு. இப்ப அந்தக் குவளையைக் கொஞ்சம் சுடவச்சுட்டு இதையே செஞ்சு காட்டுங்க," என்றாள்.

"யாராவது டீசலைப் போட்டுப் பொரிப்பாங்களா இபு? உங்க வீட்ல மீனை டீசல்லயா பொரிக்கறீங்க?"

ஆறே அதிரும்படி சிரித்தார்கள். அர்பைனாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹல்மியா எதையோ எழுதிக்கொண்டு படகேறினாள். படகு நகரும்போதும் திரும்பி, "சுடவச்சுப் பாருங்க பாக். ஆள் இல்லாத இடத்துல, தள்ளி நின்னு பாருங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தச் சிரிப்புக் கதை ஒரு மாதம் மேலும் கீழும் படகேறிப் போயிற்று.

அந்த வாரமே ஷர்காவியின் இடது புருவம் பொசுங்கியிருந்தது. முன்மயிரும் கொஞ்சம் சுருண்டிருந்தது. கேட்டதற்கு, "விரால் சுட்டேன், நெருப்பு மூஞ்சியில அடிச்சுடுச்சு," என்றான். பச்சைப் பூக் குவளையின் உட்புறம் கரியாக இருந்தது. அர்பைனாதான் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அதற்குப் பிறகு வித்தை காட்டும்போதெல்லாம், "அந்தக் கடைசி டிரம்முல எடு, தண்ணி ஓரமா நிழல்ல இருக்கே அதுல," என்று சொல்ல ஆரம்பித்தான். அவளும் அதிலேயே எடுத்தாள். ஏனென்று கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் கேட்டுப் பழக்கமே தவிர, ஏனென்று கேட்டுப் பழக்கமில்லை.

ஷர்காவியின் மகள் மஸ்தூராவுக்கு நிக்காஹ் குறித்தார்கள். நானூறு பேர் சாப்பாடு. பெரிய சட்டிகளுக்கு ஆறு அடுப்பு வேண்டும், அதாவது மூன்று டிரம். நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்னால் காலையிலிருந்தே ஜும்ரி கரையில் இருந்தான். பம்பை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். கோடைக்கு ஆறு வேறு கீழே இறங்கியிருந்தது. வாளி வாளியாகச் சேற்றில் ஏறித் தண்ணீர் சுமந்தான். நடுப்பகலுக்குள் இரண்டு டிரம் முடிந்தது, நாலு அடுப்பு. மூன்றாவதைச் சமையலறைச் சுவரோரத்திலிருந்து உருட்டிக் கொடுத்தவன் ஷர்காவியேதான். டீசல் டிரம்முக்கெல்லாம் நீலச் சாயம், பெட்ரோலுக்குச் சிவப்பு. அது நீலம். கூடவே உருட்டியவள் அர்பைனா, அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் படகில் வந்து இறங்கினார்கள். ஏற்பாடெல்லாம் எப்படி நடக்கிறதென்று பார்க்க வந்தவர்கள். வெட்டுகிற இடத்தைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஜும்ரி சவுக்காரம் போடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இது என்ன, டிரம்முக்கு நலங்கா?"

ஷர்காவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. சம்பந்தி முன்னால் தன் வீட்டு ஆளைக் கேலி செய்ய வேண்டுமானால் அதைத் தானே செய்ய வேண்டும், அடுத்தவன் செய்யக் கூடாது. "அவனுக்கு அப்படி ஒரு பயம் சம்பந்தி. இப்ப பாருங்க. பைனா, குவளை."

அவள் கடைசி டிரம்மில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். குச்சி அணைந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் 'அட' என்றார்கள்.

"பாத்தியா மச்சான்? இந்த டிரம்முல கெடந்ததும் இதே சரக்குதான். வாளியைப் போட்டுட்டு வெட்டு. பலகாரத்துக்கு அரிசி ஊறிக்கிட்டு இருக்கு, பொம்பளைங்க அடுப்புக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அரை மணி நேரம் காக்கா. தண்ணி மட்டும் நிரப்பிக்கறேன்." மனைவியைப் போலவே அவனும் ஷர்காவியை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அரை மணியாம். தலைப்பாகையைக் கழட்டிட்டு முக்காடு போட்டுக்கடா நீ."

யாரோ சிரித்தார்கள். ஜும்ரி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தது இதுதான். "எல்லாரும் பாக்குறாங்க. சீக்கிரம் முடிச்சுடுங்களேன்."

அவன் வாளியைக் கீழே வைத்தான். நாற்காலிகளை மட்டும் இருபது அடி தள்ளிப் போடச் சொன்னான். அதற்கும் ஷர்காவி ஏதோ முணுமுணுத்தான், ஆனாலும் தள்ளிப் போட்டார்கள். கட்டரின் நீலத் தீ தகரத்தில் பட்டு நூறு எண்ணியிருக்கமாட்டார்கள். சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டது. மூடி பிய்த்துக்கொண்டு போய் அவன் நெஞ்சில் அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அவனைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்தவர்கள் அதே சேற்றில்தான் ஏறினார்கள். ஷர்காவியும் சுமந்தான். மய்யித்துச் சோறு பொங்கியது காலையில் ஜும்ரி வெட்டிய அந்த நாலு அடுப்பில்தான். இரண்டு நாள் கழித்து நிக்காஹும் நடந்தது, சத்தமில்லாமல். சொல்லி அனுப்பிய நாளை மாற்ற முடியாதாம். அர்பைனா தன் தெப்பத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

அவளைத் தின்றுகொண்டிருந்தது தன்னுடைய அந்த ஒரு வாக்கியம். காக்காவும் தெரியாமல் சொன்னார், நானும் தெரியாமல் சொன்னேன், இரண்டு முட்டாள்கள் சேர்ந்து ஒரு நல்ல மனுஷனை அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தால் அண்ணன் முகத்தைப் பார்க்க முடிந்தது. ஒரே ஆறு, பக்கத்துப் பக்கத்துத் தெப்பம், பார்க்காமல் எப்படி இருப்பது.

மூன்றாம் நாள் அவனுக்காகப் பாத்திஹா ஓதும்போது ஷர்காவி, "அவன் நேரம் வந்துடுச்சு," என்று அழுதான். ஏழாம் நாள், "டீசல் டிரம் எங்கியாவது வெடிக்குமா? என்னமோ நடந்திருக்கு," என்றான். இருபத்தைந்தாம் நாள் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. "பெட்ரோல் டிரம்மை மாத்தி எடுத்துட்டான் போல. பாக்காம எடுத்துட்டான். பாவம், அவசரக்காரன்."

அவசரக்காரன். அர்பைனா பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவியில் விரல் பட்டு ரத்தம் வந்தது. வாழ்நாள் பூராவும் நிதானத்துக்காகக் கேலி வாங்கியவனைச் செத்த பிறகு அவசரக்காரன் ஆக்கிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஷர்காவி சொன்னால் தலையாட்டுவதுதானே ஊர் வழக்கம். இன்னும் இரண்டு மாதம் போனால் ஆற்றில் போகிற ஒவ்வொரு படகிலும் ஜும்ரி என்றால் சிவப்பு டிரம்முக்கும் நீல டிரம்முக்கும் வித்தியாசம் தெரியாத வெல்டர் என்றுதான் பேச்சு இருக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு மற்றது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பொசுங்கின புருவம். குவளைக்குள் கரி. கடைசி டிரம்மில் எடு, நிழலில் இருக்கிறதே அதில். அதிகாரி வருவதற்கு முன்னால் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. தெரியாமல் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா.

நாற்பதாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் அவள் தெப்பத்தில் கூடினார்கள். சம்பந்தியும் வந்திருந்தார். யாசீன் ஓதி முடித்துத் தேநீர் குடிக்கும்போது யாரோ பேச்செடுக்க, ஷர்காவி மறுபடி ஆரம்பித்தான். "நான் சொன்னேனே, டிரம்மை மாத்தி..."

அர்பைனா பின்பக்கம் போனாள். பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்பை விட்டுத் தள்ளி, தெப்பத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். பச்சைப் பூக் குவளையில் டீசல் ஊற்றி அந்த வெந்நீருக்குள் நிறுத்தினாள். ஜும்ரி இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பான். குவளையைத் தொட முடியாமல் சுட்டபோது துணி சுற்றி எடுத்து, தட்டால் மூடி, கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தீப்பெட்டி.

"காக்கா, ஒரு தடவை அந்தக் குச்சி வித்தையைக் காட்டுங்க. டீசல்ல நெருப்புப் பிடிக்காதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"இப்பவா? இந்த நாள்லயா?"

"இந்த நாள்லதான்."

"காட்டுங்க சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "அன்னைக்குப் பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது."

ஷர்காவி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டான். மற்ற கையால் தட்டை விலக்கினான். சூடான டீசல் வாடை முகத்தில் அடித்தது. குவளையைப் பிடிக்கப்போன விரல் சட்டென்று பின்வாங்கியது. அவன் குச்சியைக் கிழிக்கவில்லை. ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியைத் திறந்து, குச்சியை மற்றக் குச்சிகளோடு திரும்ப வைத்து மூடினான்.

"என்ன சம்பந்தி?"

"இது சுடுது," என்றான் ஷர்காவி.

"சுட்டா என்ன காக்கா. டீசல்தானே."

அவன் தீப்பெட்டியைக் குவளையிலிருந்து தள்ளி வைத்தான்.

"பச்சப்புள்ளன்னு சொன்னீங்களே. தண்ணி மாதிரின்னு சொன்னீங்களே. போடுங்க."

"பைனா, பிடிச்சுக்கும். ஆளுங்க இருக்காங்க. எடுத்துட்டுப் போ."

"பிடிச்சுக்கும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் பார்வை பாயை விட்டு எழும்பவில்லை. இடது கை தானாக மேலே போய்ப் புருவத்தைத் தொட்டது, உடனே இறங்கிவிட்டது. அவளுக்கு அது போதும். தெரியும் என்று அவன் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

"அவருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியாதவ நான் ஒருத்திதான் அன்னைக்கு அங்க நின்னேன்," என்றாள். குரல் உயரவில்லை. "அவர் டிரம்மை மாத்தி எடுக்கல காக்கா. நீலத்தைத்தான் வெட்டுனாரு. நீங்கதான் உருட்டிக் கொடுத்தீங்க, கூட உருட்டுனவ நான்."

யாரும் தேநீரைத் தொடவில்லை. அவள் குவளையைத் தட்டால் மறுபடி மூடினாள், வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள் அல்லவா. தெப்பத்து ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்து, அது ஆறுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மன்னித்துவிடலாம் என்று நாற்பது நாளாக வைத்திருந்த இடம் காலியாகிவிட்டது. தன்னை மன்னிக்க, தெரியாமல் சொன்ன அண்ணன் என்று அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தான், அவனும் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அர்பைனா அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, ஷர்காவியும் அவன் மருமகனும் டீசல் டிரம்களைச் சமையலறைச் சுவரோரத்திலிருந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக வால் பக்கம் கொண்டுபோய், ஓலைக் கூரையின் கீழ், இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். மொத்தம் ஒன்பது டிரம். ஷர்காவி அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். அவள் உலை கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.